இருதய நோயாளியும் செவிலியரின் காவலும்

(பங்கின் பொன்விழாவையொட்டி கோவில் மண்டபத்தில் நடைபெற்ற உடல்நலக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் பழைய நினைவுகளைப் பேசுவதும், கட்டிய கட்டடங்களையும் கொடுத்த கைகளையும் நினைப்பதும் வழக்கம். அவற்றை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். விழாக்குழுவினர் என்னிடம் கேட்டது வேறு. "சாமி, நம் பங்கில் நெஞ்சுவலி வந்து போகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதைப்பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்கள். நான் மருத்துவன் அல்லன். ஆனால் நள்ளிரவில் கதவு தட்டப்பட்டு, நோயிற்பூசுதல் எண்ணெயோடு ஓடிப்போய், எத்தனையோ ஆஸ்பத்திரிக் கட்டில்களின் ஓரத்தில் நின்றவன். அங்கே கண்டதையும், பிறகு கேட்டும் படித்தும் அறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் என் சொந்தக் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, நம் பழைய உபதேசியாரை மாரடைப்பு என்று நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தார்கள். இரண்டு மணிக்கு எனக்குச் செய்தி வந்தது. போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். உள்ளே இருந்த இளம் நர்ஸ் ஒருத்தி, "ஃபாதர், அங்கேயே நில்லுங்கள்!" என்று உரக்கச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. சாகக் கிடக்கிறவரிடம் குருவானவரை விடாமல் தடுக்கிறாளே என்று கோபம் வந்தது. வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒருத்தி உபதேசியாரின் நெஞ்சின்மேல் இரு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். என்னைத் தடுத்தவள் ஒரு கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "எல்லாரும் கையை எடுங்கள்" என்றாள். உடல் ஒருமுறை தூக்கிப் போட்டது. மீண்டும் அழுத்தினார்கள். மீண்டும் ஒருமுறை. திரையில் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த கோடு ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்கியது.

அவசரப் பிரிவிலிருந்து மருத்துவர் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். பிற்பாடு அவரே என்னிடம், "நான் வந்தபோது செய்ய வேண்டிய வேலை முடிந்திருந்தது, ஃபாதர்" என்றார். அந்தப் பெண் கதவைத் திறந்து, "இப்போது வாருங்கள் ஃபாதர், ஐந்து நிமிஷம் மட்டும்" என்றாள். அவள் நெற்றியெல்லாம் வியர்வை. நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. வெட்கம் தடுத்தது. அந்தக் கடனைத்தான் இன்று உங்கள் முன்னிலையில் தீர்க்கிறேன். உபதேசியார் இதோ முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அன்று நடந்தது என்ன? இருதயம் நம் உடலுக்கெல்லாம் இரத்தம் அனுப்புகிறது. ஆனால் அதற்கே இரத்தம் கொண்டுவரும் குழாய்கள் மெல்லியவை. அவற்றில் கொழுப்புப் படிந்த இடம் வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழி அடைபட்டால், அந்தப் பகுதித் தசை சாகத் தொடங்குகிறது. அதுவே மாரடைப்பு. அடிபட்ட இருதயம் முதல் சில மணி நேரத்தில் திடீரென்று தாளம் தப்பி, துடிப்பதற்குப் பதிலாக நடுங்கத் தொடங்கலாம். நடுங்கும் இருதயம் இரத்தம் அனுப்பாது. அப்போது மின் அதிர்ச்சி கொடுத்துத்தான் அதைத் தாளத்துக்குக் கொண்டுவர முடியும். யாரும் எதுவும் செய்யாவிட்டால், ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறது. பத்து நிமிடம் கழித்து வரும் பெரிய டாக்டரைவிட, அந்த நிமிடத்தில் அருகில் நிற்கும் செவிலியரே அங்கே பெரியவர்.

இந்த உண்மையை உலகம் கண்டுகொண்டு நெடுங்காலம் ஆகவில்லை. 1950களில் மாரடைப்பு வந்தவரைப் பொது வார்டில் ஆறு வாரம்வரைகூட அசையாமல் படுக்க வைத்தார்கள். சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மருத்துவமனையிலேயே இறந்தார். 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், நெஞ்சைத் திறக்காமலே மேலிருந்து அழுத்தி இரத்த ஓட்டத்தைக் காக்கலாம் என்று எழுதினார்கள். 1961இல் எடின்பரோவில் பணியாற்றிய டெஸ்மண்ட் ஜூலியன் என்ற மருத்துவர், இத்தகைய நோயாளிகளைத் தனிப் பிரிவில் ஒன்றுசேர்த்து, பழகியவர்களை இருபத்து நான்கு மணி நேரமும் அங்கே வைக்க வேண்டும் என்றார். 1962இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹியூஸ் டே என்பவர் அப்படி ஒரு பிரிவைத் திறந்தார்.

அதே காலத்தில் ஃபிலடெல்ஃபியா நகரின் பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற மருத்துவர் ஒருபடி மேலே போனார். கருவிகளை வாங்கி வைத்தால் போதாது என்று அவர் கண்டார். கருவி மணி அடிக்கும். ஓடிவந்து பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே! எல்லா இரவும் எல்லாக் கட்டிலுக்கும் அருகில் மருத்துவர் நிற்க முடியாது. நிற்கிறவர் செவிலியர். ஆகவே செவிலியரே ஈ.சி.ஜி. கோட்டைப் படித்து, ஆபத்தை அறிந்து, மருத்துவர் வருமுன் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று துணிந்தார். ரோஸ் பின்னியோ என்ற செவிலியர் அவரோடு சேர்ந்து இந்தப் பணியை உருவாக்கினார். நோயைக் கண்டறிவது மருத்துவர் வேலை, செவிலியருக்கு இது ஆகுமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் வார்த்தையில் அல்ல, வார்டில் கிடைத்தது. 1965இல் இவ்விருவரும் இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து செவிலியருக்கென்றே ஒரு பாடநூல் எழுதினார்கள். இத்தகைய பிரிவுகள் பரவியபின், மருத்துவமனையில் மாரடைப்பால் நேர்ந்த சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

மின் அதிர்ச்சி கொடுப்பது ஒன்றே செவிலியரின் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். அது எப்போதோ ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் அவர்கள் செய்வது, வராமல் காப்பது.

நெஞ்சுவலி என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுப்பது பெரும்பாலும் அவர்களே. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்து ஏற்றினால், ஈறிலோ சிறுநீரிலோ இரத்தம் கசிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று ஓயாமல் பார்க்கிறார்கள். ஏனெனில் அடைப்பைக் கரைக்கும் மருந்தே மூளையில் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். அடைப்பை பலூன் வைத்துத் திறந்திருந்தால், குழாய் செலுத்திய மணிக்கட்டையோ தொடையையோ அடிக்கடி தொட்டுப் பார்க்கிறார்கள். நோயாளி எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று அளந்து எழுதுகிறார்கள். இருதயம் களைத்துவிட்டதா என்பதை அந்தக் கணக்கு சொல்லும். மலங்கழிக்க முக்கக்கூடாது என்று அதற்கும் மருந்து கேட்டுக் கொடுக்கிறார்கள். பெற்ற பிள்ளை முகம் சுளிக்கும் வேலையையும் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். பயந்து கிடப்பவரின் கையைப் பிடித்து, "ஒன்றுமில்லை ஐயா, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்கிறார்கள். பயமும் வலியும் இருதயத்துக்குச் சுமை. அந்த ஒரு சொல்லும் மருந்தே.

இப்போது நாம் செய்கிற தவறுகளுக்கு வருவோம். மூன்றைச் சொல்கிறேன்.

முதல் தவறு, தாமதம். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1998இல் என் சொந்த அண்ணன், நாற்பத்தொரு வயது, இரவு சாப்பாட்டுக்குப் பின் நெஞ்சை அடைக்கிறது என்றார். வாய்வு என்றோம். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். முதுகை நீவினோம். சோடா வாங்கி வந்தவன் நானே. விடியட்டும், போகலாம் என்றோம். விடிந்து ஆஸ்பத்திரி வாசலை அடையுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. எந்த நர்சும் எந்தக் கருவியும் எட்ட முடியாத இடத்தில், எங்கள் வீட்டுக் கூடத்திலேயே, அவருடைய பொன்னான நேரத்தை நாங்கள் செலவழித்துவிட்டோம்.

ஆகவே சொல்கிறேன்: நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் சோடாக் கடைக்குப் போகாதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் சோர்வும் குமட்டலுமாக வரலாம். "அம்மாவுக்கு என்ன, வேலை அலுப்பு" என்று விட்டுவிடாதீர்கள். 108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்தில் 2008 முதல் ஓடுகிறது. மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோவதை விட்டு, அதைக் கூப்பிடுங்கள். 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது. துணை சுகாதார நிலையத்தில் நம்மை வரவேற்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், செவிலியரே. அவரைத் தடுப்பூசி போடுகிறவர் என்று மட்டும் நினைத்திருந்தோம். அவர் கையிலும் உயிர் காக்கும் மருந்து உண்டு.

இரண்டாம் தவறு, கூட்டம். ஒருவர் படுத்தால் ஒரு தெருவே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் அழுகையோடும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் கட்டிலைச் சூழ்ந்துகொள்கிறோம். "வெளியே இருங்கள்" என்று சொன்ன நர்சைத் திட்டுகிறோம். நானே அப்படிக் கோபப்பட்டவன்தான். இனி நம் பங்கிலிருந்து இருவர் மட்டும் போகட்டும். ஒருவர் கட்டிலுக்கு, ஒருவர் மருந்துக்கு. மற்றவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போடட்டும். வீடு திரும்பும் நாளில், எந்த மாத்திரை எப்போது, எவ்வளவு நடக்கலாம் என்று செவிலியர் சொல்வதை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தி, திரும்பவும் கட்டிலுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் தவறு, சொல்லவே கூசுகிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பத்தார் திருமணப் பேச்சு ஒன்றை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்கள். பெண் நல்ல பெண், படித்த பெண். "ஆனால் நர்ஸ், சாமி. நைட் டியூட்டி" என்றார்கள். நான் எவ்வளவோ சொன்னேன். அந்தச் சம்பந்தம் நின்றது நின்றதுதான். அன்பர்களே, நம் அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கும் இரவில் மட்டும் நைட் டியூட்டி நர்ஸ் வேண்டும், நம் வீட்டு மருமகளாக வேண்டாம் என்றால் இது என்ன நியாயம்? ஆஸ்பத்திரியில் அவர்களை "சிஸ்டர், சிஸ்டர்" என்று அழைக்கிறோம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் சகோதரி. வாயால் சொன்னதை வீட்டிலும் மனத்திலும் நிறைவேற்ற வேண்டாமா?

நம் பங்கிலிருந்து செவிலியர் படிப்புக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இன்று இந்தக் கூட்டத்துக்கும் சிலர் வரவில்லை, டியூட்டி. யாரோ ஒருவருடைய தகப்பனின் கட்டிலருகே, திரையில் ஓடும் கோட்டின்மேல் கண் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வீடு திரும்பும்போது, "ஏன் விழாவுக்கு வரவில்லை?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேளுங்கள்.