விண்ணை ஆராயச் சம்பளம் காத்திருக்கிறது; நம் பிள்ளைகள் எங்கே?

(இராயபுரத்தில் நடைபெற்ற மாணவர் கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்வி வழிகாட்டுக் கூட்டம் என்றால் மருத்துவம், பொறியியல், கணினி என்று மூன்று வாசலைக் காட்டிவிட்டு அனுப்பிவிடுவது வழக்கம். இன்று நான் நான்காவது வாசல் ஒன்றைக் காட்ட வந்திருக்கிறேன். அண்டவியல், வானியற்பியல் என்று அதற்குப் பெயர். இந்தப் பேரண்டம் எப்படித் தோன்றியது, எப்படி விரிகிறது, நட்சத்திரங்கள் எப்படிப் பிறந்து எப்படி மடிகின்றன என்று ஆராயும் துறை.

பெயரைக் கேட்டதும் சிலர் முகத்தில் சிரிப்பு வருகிறது. "பாய், பிள்ளை பி.எஸ்சி. முடித்தால் கிளியரிங் ஏஜென்சியில் சேர்ப்போம், இல்லாவிட்டால் துபாய்க்கு விசா எடுப்போம். நட்சத்திரத்தை எண்ணி யார் சோறு போடுவது?" இதுதானே உங்கள் கேள்வி? நியாயமான கேள்விதான். வியாபாரிக்குக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன்.

இருபத்து நான்கு லட்சத்தின் கணக்கு

மத்திய அரசின் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்று முனைவர் பட்ட ஆராய்ச்சியில் சேரும் மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். இது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு. பணி திருப்தியாக இருந்தால் அதன் பிறகு மாதம் 42,000 ரூபாய். விடுதி கிடைக்காதவருக்கு வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை கிடைக்கும்.

பெருக்கிப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் 8 லட்சத்து 88 ஆயிரம். அடுத்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சத்து 12 ஆயிரம். கூட்டினால் 24 லட்சம் ரூபாய்! நீங்கள் கட்டும் பணமல்ல இது. உங்கள் பிள்ளை படிப்பதற்காக அரசு கொடுக்கும் பணம். ஒரு மருத்துவ இடத்திற்காக வீட்டை அடகு வைக்கத் துணிகிற தகப்பன், பணம் கொடுத்துப் படிக்க வைக்கும் படிப்பு ஒன்று இருப்பதை அறியாமல் இருக்கலாமா?

தொலைவில் இல்லை

இதற்காகப் பிள்ளையைக் கண்காணாத தேசத்திற்கு அனுப்ப வேண்டும் என்று எண்ணாதீர்கள். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. மேட்சயன்ஸ் என்று அழைக்கப்படும் இந்நிறுவனம் 1962-ல் தொடங்கப்பட்டது. ஈர்ப்பு விசை, அண்டவியல் பற்றிய ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. அதற்கு அடுத்தாற்போல் ஐ.ஐ.டி. இருக்கிறது. சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. ஈர்ப்பு அலைகளைப் பற்றி ஆராயும் குழு ஒன்று அங்கே உண்டு. 2021 முதல் விம்கோ நகரில் மெட்ரோ ரயில் ஏறினால் கிண்டியில் இறங்கலாம். திருவொற்றியூர் பிள்ளைக்கு உலகத்தரமான ஆராய்ச்சிக்கூடம் ஒரு ரயில் தூரத்தில் இருக்கிறது.

சற்று வெளியே போகத் துணிந்தால் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனமும் இராமன் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. புனேயில் ஐயூகா நிறுவனம் உள்ளது. புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் 45 மீட்டர் அகலமுள்ள 30 ரேடியோ தொலைநோக்கிகள் வரிசையாக நிற்கின்றன. நம் மாநிலத்திலேயே ஜவ்வாது மலையின் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் 2,600 கோடி ரூபாயில் ஈர்ப்பு அலை ஆய்வகம் அமைக்க 2023-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அது எழும்பும்போது அங்கே வேலை செய்ய ஆட்கள் வேண்டும். அவர்கள் இன்று பிளஸ் டூவிலும் பி.எஸ்சி.யிலும் படித்துக் கொண்டிருக்கும் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

"எண்ணூர்ப் புகையில் நிலவே மங்கலாகத் தெரிகிறது, நட்சத்திரத்தை எங்கே பார்ப்பது?" என்று ஒரு தம்பி கேட்டார். தம்பி, இன்றைய வானியலில் பெரும்பகுதி கணினியில் நடக்கிறது. தொலைநோக்கி திரட்டிய விவரங்களை மேசையில் உட்கார்ந்து அலசுகிறார்கள். கணிதமும் இயற்பியலும் கணினி நிரல் எழுதும் பழக்கமும் இருந்தால் போதும்.

இந்த ஊருக்குப் புதிதல்ல

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டியது. ஏன்? வானியலோடு பூகோளமும் கப்பலோட்டமும் வளர வேண்டும் என்பதற்காக. நட்சத்திரம் பார்த்து நேரம் கணக்கிடாமல் கப்பலுக்குக் கடலில் இடம் தெரியாது. அங்கே கணித்த சென்னை நேரத்தைத்தான் 1905 வரை இந்திய ரயில்வேக்கள் பொது நேரமாகக் கொண்டிருந்தன. அந்தக் கூடத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றை 1867-ல் கண்டுபிடித்தார். 1874-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது பொதுமக்களுக்காக அவர் எழுதிய விளக்க நூல் ஆங்கிலத்தில் மட்டுமல்ல, உருதிலும் வெளிவந்தது. நம் மக்களும் படிப்பார்கள் என்று நம்பி அன்று ஒருவர் வெளியிட்டார். அந்த நம்பிக்கையை நாம் காப்பாற்றினோமா?

அடுத்து, ஓர் உதவித்தொகை என்ன செய்யும் என்பதற்குச் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரே சாட்சி. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-ல் தம் 19-ஆம் வயதில் அரசு உதவித்தொகை பெற்றுப் பம்பாயில் கப்பலேறினார். கேம்பிரிட்ஜ் போகும் வழியில் கப்பலிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். எரிந்து தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம் எவ்வளவு எடை வரைதான் தாங்கும் என்பது கேள்வி. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது இன்று உலகம் ஏற்றுக்கொண்ட வரம்பு. அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டுள்ளது. 1983-ல் நோபல் பரிசு பெற்றார். படித்த, வசதியான குடும்பத்துப் பிள்ளைக்கே அன்று உதவித்தொகை தேவைப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவை என்று எண்ணிப் பாருங்கள்!

நம்மவர்களும் சாதித்திருக்கிறார்கள்

நம் கடைச் சுவர்களில் தொங்கும் தொழுகை நேர அட்டவணை சூரியனின் உயரத்தைக் கணித்து எழுதப்பட்டது. சமர்கந்தில் உலூக் பேக் 1437-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்குப் பட்டியல் தயாரித்தார். இவற்றையெல்லாம் மேடைதோறும் பேசி மகிழ்கிறோம். ஆனால் பழம்பெருமை பேசுவதால் ஒரு விண்ணப்பமும் நிரம்பாது. நம் காலத்துக்கு வருவோம்.

வங்காள தேசத்தின் ஜமால் நஸ்ருல் இஸ்லாம் 1964-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். பேரண்டத்தின் இறுதி என்னவாகும் என்பது பற்றி 1983-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அவருடைய நூல் உலகப் புகழ் பெற்றது. மறு ஆண்டே இங்கிலாந்து வேலையை விட்டுவிட்டுச் சிட்டகாங் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பினார். அங்கே கணித, இயற்பியல் ஆராய்ச்சி மையம் ஒன்றை உருவாக்கினார். 2013-ல் மறையும் வரை அந்த ஊரிலேயே இருந்தார். சிட்டகாங் எப்படிப்பட்ட ஊர்? நம்மைப் போல் துறைமுகத்தை நம்பி வாழும் ஊர்!

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு சொல். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் யார்? நம் செங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நிகார் சாஜி. அந்தக் கலத்தின் முக்கியக் கருவியை உருவாக்கியது நான் சொன்ன பெங்களூர் வானியற்பியல் நிறுவனம். செங்கோட்டைப் பெண்ணால் முடிந்தது, தண்டையார்ப்பேட்டைப் பெண்ணால் முடியாதா? வெளியூர் அனுப்பத் தயங்குபவர்களுக்குத் தரமணி இருக்கவே இருக்கிறது.

மூடிய கதவும் திறந்த கதவும்

வேதனையான செய்தி ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுபான்மையினரின் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கென 2009-ல் கொண்டுவரப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை 2022-23 முதல் நிறுத்திவிட்டதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு அறிவித்தது. மற்றத் திட்டங்களோடு ஒன்றின்மேல் ஒன்றாக வருகிறது என்று காரணம் சொன்னார்கள். அதை மீண்டும் கொண்டுவரக் குரல் கொடுப்பது நம் உரிமை, கொடுப்போம். ஆனால் போராட்டம் முடியும்வரை இன்று 20 வயதில் இருக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது. பொதுக் கதவுகள் திறந்திருக்கின்றன. அவற்றில் நுழையும் வழி இதுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பி.எஸ்சி. இயற்பியல் அல்லது கணிதம் முடிக்கும் ஆண்டில் ஜாம் தேர்வு. வழக்கமாக செப்டம்பரில் பதிவு, பிப்ரவரியில் தேர்வு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர இதுவே வழி.

இரண்டு: ஜெஸ்ட் தேர்வு. மேட்சயன்ஸ், பெங்களூர், புனே நிறுவனங்கள் உட்படப் பல ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இந்த ஒரே தேர்வின் வழியாக மாணவரை நேர்முகத்திற்கு அழைக்கின்றன. எம்.எஸ்சி. முடித்தவருக்கு மட்டுமல்ல, சில நிறுவனங்களில் பி.எஸ்சி. முடித்தவரும் ஒருங்கிணைந்த முனைவர் படிப்பில் நேராகச் சேரலாம்.

மூன்று: எம்.எஸ்சி. படிக்கும்போதே எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறார்கள். 37,000 ரூபாய்க்கு முக்கியக் கதவு இதுதான்.

நான்கு: படிக்கும் காலத்தில் கோடை விடுமுறையை வீணாக்காமல், மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாத ஆராய்ச்சித் திட்டத்திற்கு விண்ணப்பியுங்கள். உதவித்தொகையும் உண்டு, ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமா என்று அறியவும் வாய்ப்பு.

சான்றிதழ் விஷயத்தில் கவனம் தேவை. தமிழக அரசு 2007-ல் தந்த 3.5 சதவீத ஒதுக்கீட்டுச் சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுகளுக்குப் பயன்படாது. லெப்பை, இராவுத்தர், மரைக்காயர், தக்கனி முஸ்லிம் ஆகியோர் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் உள்ளனர்; மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். சம்பளமும் விவசாய வருமானமும் போக மற்ற வருமானம் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 8 லட்சத்தைத் தாண்டினால் அது கிடைக்காது. வியாபார வருமானம் இந்தக் கணக்கில் வரும் என்பதை வணிகர்கள் நினைவில் கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் தாலுகா அலுவலகத்தில் ஓடாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

எளிதல்ல என்பதும் உண்மை

நல்லதை மட்டும் சொல்லி அனுப்பினால் அது துரோகம். போட்டி கடுமையானது. நெட் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் வழியில் படித்தவர் முதலாண்டிலிருந்தே ஆங்கிலப் பாடநூல்களோடு பழக வேண்டும். நேர்முகத்தில் மனப்பாடம் உதவாது. அடிப்படையைத் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். உதவித்தொகை சில மாதங்கள் தாமதமாக வருவதும் உண்டு. முனைவர் பட்டம் வாங்கியதும் வேலை கதவைத் தட்டாது. இன்னும் சில ஆண்டுகள் வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ தற்காலிக ஆய்வாளராக இருக்க வேண்டி வரலாம். எல்லோரும் வானியல் அறிஞராகிவிடுவதில்லை. ஆனால் இந்தப் பயிற்சியில் கிடைக்கும் கணிதமும் கணினித் திறனும் வீண் போவதில்லை. வங்கிகளும் கணினி நிறுவனங்களும் அப்படிப்பட்டவர்களைத் தேடி எடுக்கின்றன.

வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பட்டம் முடித்ததும் "கல்லாவில் வந்து உட்கார்" என்று பிள்ளையை அழைப்பதில்தான் நாம் தோற்கிறோம். தேர்வு எழுத வேண்டிய அந்த இரண்டு ஆண்டுகள்தான் ஆபத்தான காலம். உதவித்தொகை இன்னும் வந்திருக்காது. வீட்டில் நெருக்கடி இருக்கும். மாதம் பத்தாயிரம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் பிள்ளை கண்டெய்னர் யார்டுக்குப் போய்விடுவான். இந்த இடைவெளியை அப்படியே விடக்கூடாது. நாம்தான் நிரப்ப வேண்டும்.

செலவு பெரிதல்ல. ஒரு பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணம், நான்கு பாட நூல்கள், நேர்முகத்திற்குப் புனே போய்வர ரயில் கட்டணம். மண்ணடியிலும் இராயபுரத்திலும் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால் ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுச் செலவைத் தாங்கிவிடலாம். ஒவ்வொரு ஜமாஅத்தும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இந்தத் தேர்வுகளின் கடைசித் தேதியை எழுதிப் போடட்டும். இயற்பியல் படித்த ஒருவர் வாரம் இருநாள் பாடம் சொல்லித்தர ஓர் அறையும் கரும்பலகையும் ஏற்பாடு செய்யுங்கள்.

மாணவச் செல்வங்களே! கணக்கில் உங்களுக்கு ஆசை இருந்தால் யார் சிரித்தாலும் வெட்கப்படாதீர்கள். அடுத்த ஜெஸ்ட் அறிவிப்பு வரும்போது இந்த வட்டாரத்திலிருந்து ஐந்து விண்ணப்பங்களாவது போக வேண்டும். முதல் முறை தோற்றால் மறுமுறை எழுதுங்கள். கூட்டம் முடிந்ததும் தேர்வுத் தேதிகளைக் குறித்துக்கொண்டு, பெயரைப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.