தொடைக்கு அடியில் ஒரு தகடு
(ஆதரவாளர் கூடுகையில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று காலை ஆபரேஷன் தியேட்டரைச் சுற்றிப் பார்த்தபோது, உங்களில் ஒரு தாயார், "டாக்டர், உடம்பில் கரண்ட் பாய்ச்சி வெட்டுகிறீர்களே, நோயாளிக்கு ஷாக் அடிக்காதா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி.

வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 அலைகளாக வருகிறது. அது உடம்பில் பாய்ந்தால் தசை துடிக்கும், இருதயமே நின்றுவிடக்கூடும். நாங்கள் 'காட்டரி' என்று சொல்லும் கருவியோ அதை வினாடிக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அலைகளாக மாற்றுகிறது. அந்த வேகத்துக்கு நரம்பும் தசையும் துடிப்பதில்லை. சூடு மட்டுமே உண்டாகிறது. மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் திசுவிலுள்ள நீர் நொடியில் ஆவியாகி, திசு வெட்டுப்படும். விட்டுவிட்டுப் பாய்ந்தால் திசு உலர்ந்து, சிறு இரத்தக் குழாய்களின் வாய் அடைபடும்.

இதன் அருமையை உலகம் கண்டது 1926 அக்டோபர் 1-ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங், தலையில் கட்டியுள்ள ஒருவருக்குச் சில நாட்களுக்கு முன் தொடங்கிய அறுவையை, இரத்தப் பெருக்கு காரணமாகப் பாதியில் நிறுத்தியிருந்தார். வில்லியம் போவி என்ற விஞ்ஞானி உருவாக்கிய கருவியைக் கொண்டு அன்று அதே கட்டியை அகற்றினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது வெட்டும் முனையைப் பற்றி அல்ல. உள்ளே போன மின்சாரம் வெளியே வர வேண்டுமே! அதற்காக நோயாளியின் தொடையில் அகலமான ஒரு தகட்டைப் பொருத்துகிறோம். ஆணிமேல் நின்றால் குத்தும். பலகைமேல் நின்றால் குத்தாது. அதுபோலத்தான் இதுவும். மெல்லிய முனையில் சுடுகிற அதே மின்சாரம், அகலத் தகட்டில் பரவி, சுடாமல் திரும்பிவிடுகிறது.

தகடு நழுவி ஒரு ஓரம் மட்டும் ஒட்டியிருந்தால்? நான் பயிற்சி பெற்ற இடத்தில் அதைக் கண்டேன். ஒரு முறை மட்டும் பயன்படுத்த வேண்டிய தகட்டை, வேறு இல்லாததால், பலமுறை ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்துபோயிருந்தது. மறுநாள் காலை அந்த அம்மா, "வயிற்றில்தானே ஆபரேஷன், தொடை ஏன் எரிகிறது?" என்று கேட்டார்கள். பார்த்தால், ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெந்திருந்தது. மயக்கத்தில் இருப்பவர் 'சுடுகிறது' என்று எப்படிச் சொல்வார்? எனக்கு வாய் எழவில்லை. வயிற்றுக் காயம் ஆறிய பிறகும் தொடைப் புண் ஆறவில்லை.

ஆகவே எங்கள் தியேட்டரில் சிஸ்டர் தகட்டைத் தடவிப் பார்த்து, "சரி" என்று சொல்லும்வரை நான் கருவியைத் தொடுவதில்லை. தோலில் தடவிய ஸ்பிரிட் முழுவதும் காய்ந்ததா என்றும் பார்க்கிறோம். ஈரமிருந்தால் தீப்பொறி பட்டுப் பற்றிக்கொள்ளும். தகடு சரியாக ஒட்டாவிட்டால் தானாகவே நின்றுவிடும் கருவிகளும் இப்போது உண்டு. அவற்றுக்கும் ஏற்ற தகடுகள் வேண்டும்.

அன்பானவர்களே, கருவி வாங்கக் கொடுப்பவர்களின் பெயரைச் சுவரில் எழுதுகிறோம். தகடு வாங்கக் கொடுப்பவர்களின் பெயரை யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஒரு நோயாளி தன் தொடையில் தழும்பில்லாமல் வீட்டுக்குப் போவது அவர்களால்தான். காலையில் கேட்ட தாயாருக்கு என் பதில் இதுதான்: ஷாக் அடிக்காது அம்மா, தகடு சரியாக இருந்தால் சுடவும் சுடாது.