கேள்வி யார் மொழியில்?
விளையாட்டு வீரர்களும் பேட்டியும் – அறக்கட்டளைச் சொற்பொழிவு

அறக்கட்டளைக் குழுவினர் கொடுத்த தலைப்பு 'ஊடகமும் தாய்மொழியும்'. அதை விளையாட்டு வீரர்கள் அளவுக்குச் சுருக்கிக்கொண்டேன். காரணம் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பழைய சகாக்கள் இருவருக்குத் தெரியும். துறையறையில் தேநீர் ஆறும்வரை நாங்கள் மூவரும் போட்ட சண்டை இது. இன்று மைக் என் கையில் இருக்கிறது.

ஒருவர் கட்சி இது: நாட்டுக்காக ஆடப் போகிறவன் நாலு வரி ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும், பந்து போடப் பழகியவனுக்கு இதைப் பழகத் தெரியாதா? மற்றவர் கட்சி: அயல்நாட்டு மைதானத்தில் தமிழ் ஒலித்தது, அதைவிட வேறென்ன வேண்டும்? இருவரும் எதிரெதிர்க் கரையில் நிற்பதாக நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை இருவரும் ஒரே கரைதான். இருவர் கண்ணும் பதில் சொல்பவன் மேலேயே இருக்கிறது. அவனைக் குறை சொல்கிறார் ஒருவர், அவனுக்கு மாலை போடுகிறார் இன்னொருவர். கேள்வி கேட்டது யார், அவரை அனுப்பியது யார் என்று இருவருமே கேட்பதில்லை. மைக்கின் முன் எந்த மொழி ஓடும் என்பதை வீரனின் படிப்பும் தீர்மானிப்பதில்லை, பற்றும் தீர்மானிப்பதில்லை. கேட்க வந்தவரின் மொழிதான் தீர்மானிக்கிறது. ஆகவே பொறுப்பும் செலவும் அவரை அனுப்பியவர்களுடையது. என் வாதம் இவ்வளவுதான்.

சின்னப்பம்பட்டி

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜனை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் கதையை வரிசையாகச் சொன்னால்தான் என் கட்சி புரியும்.

தினக்கூலிக் குடும்பம். தாய் சாலையோரத்தில் கடை போட்டவர். பையன் ஊரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர். வழிகாட்டியான ஜெயப்பிரகாஷின் பெயரெழுத்துகளைச் சேர்த்துச் சட்டை முதுகில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டவர். 2015 தொடக்கத்தில் ரஞ்சியில் முதல் ஆட்டம் ஆடிய கையோடு, பந்துவீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் வந்தது. முறையைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காக யார்க்கர் யார்க்கராகப் போட்டுப் பெயர் வாங்கினார். 2017 ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி எடுத்த விலை 3 கோடி.

அந்தப் பருவம் சரியாகப் போகவில்லை. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். மொழி தெரியாமல் அங்கே தவித்ததை அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காயமும் இருந்தது, அனுபவக் குறைவும் இருந்தது. எல்லாப் பழியையும் மொழி மேல் போட நான் வரவில்லை. ஆனால் பந்துவீச்சு பேச்சில் நடக்கும் தொழில். மிட்-ஆனைப் பின்னால் தள்ளட்டுமா, இந்த ஆளுக்கு மெதுவான பந்து எடுபடுமா என்று ஒவ்வொரு பந்துக்கும் நடுவே யாரிடமாவது கேட்டாக வேண்டும். கேட்க வாய் வராதவன் தலையாட்டிவிட்டுப் போய்ப் பந்தைப் போடுவான். அடுத்த ஆண்டு ஐதராபாத் அணி 40 லட்சத்துக்கு அவரை எடுத்தது. அங்கே பந்துவீச்சுப் பயிற்சியாளர் கண்டித் தமிழர் முத்தையா முரளிதரன். தமிழில் கேட்டால் தமிழில் பதில். 2018, 2019 இரண்டு பருவமும் ஓர் ஆட்டமும் ஆடாமல் வெளியே உட்கார்ந்தார். 2020இல் 16 விக்கெட். அபுதாபியில் ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பை யார்க்கரால் சாய்த்ததைப் பார்க்காதவர் இந்த அவையில் இருக்க மாட்டார்.

பிறகு ஆஸ்திரேலியா. வலைப்பயிற்சிக்குப் பந்துவீசப் போனவர், வருண் சக்கரவர்த்தி காயத்தால் விலகியதால் டி20 அணிக்குள் வந்தார். 2020 டிசம்பர் 2இல் கான்பராவில் முதல் ஒருநாள் ஆட்டம். 4ஆம் தேதி அதே ஊரில் முதல் டி20, 30 ரன்னுக்கு மூன்று விக்கெட். 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான இந்தியர் அதற்கு முன் யாரும் இல்லை. டி20 தொடரின் நாயகன் விருது ஹர்திக் பாண்டியாவுக்கு. அவர் அதை நடராஜன் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தப் பயணத்தில்தான் நாம் கொண்டாடும் அந்தப் பேட்டியும் நடந்தது. ஒளிபரப்பில் முரளி கார்த்திக் தமிழில் கேட்டார், நடராஜன் தமிழில் சொன்னார். நாடெங்கும் கேட்டார்கள். இங்கே கைதட்டினோம். நானும் தட்டினேன். தட்டி முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கார்த்திக் சென்னையில் பிறந்து, ரயில்வே அணிக்கு ஆடி, எட்டு டெஸ்ட் கண்டவர். அவருக்குத் தமிழ் தெரிந்தது ஒளிபரப்பு நிறுவனத்தின் ஏற்பாடா? இல்லை, தற்செயல். அந்த இடத்தில் தமிழ் தெரியாத ஒருவர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வேறு எத்தனையோ வீரர்கள் வாயில் கேட்ட அதே வாய்பாடுதான்: சரியான இடத்தில் போட்டேன், புராசஸை நம்பினேன், சீனியர்கள் ஆதரவாக இருந்தார்கள். மூன்றும் பொய்யல்ல. மூன்றிலும் செய்தி இல்லை.

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பிள்ளையார்பாளையத்துப் பெரியோர்கள் முன்னால் ஒன்று சொல்லலாம். கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடுகிறது. தறியில் உட்கார்ந்தவர் எவ்வளவு கைகாரராக இருந்தாலும், அந்தப் பக்கம் கரை நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். பேட்டியும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்கு வேலை தெரியாவிட்டால் இந்தப் பக்கத்துக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நடராஜனிடம் கேட்கத்தக்க கேள்விகள் எவை? டென்னிஸ் பந்தில் பழகிய யார்க்கர் தோல் பந்துக்கு எப்படி மாறியது? டென்னிஸ் பந்து எடை குறைவு, மேலே எழும்பும். அதில் மட்டையாளனின் கால் விரலுக்குக் கீழே போடாவிட்டால் பந்து வேலிக்கு வெளியேதான். தோல் பந்தில் எடையும் தையலும் வந்த பிறகு விடும் இடம் எவ்வளவு முன்னால் போனது? பனியில் பந்து நனைந்தால் பிடியை எப்படி மாற்றுகிறார்? புகாருக்குப் பிறகு கையைத் திருத்தியபோது யார்க்கர் கைவிட்டுப் போனதா, எத்தனை நாளில் திரும்பியது? இதற்கெல்லாம் அவரிடம் பதில் இருக்கும். விரலில் இருப்பதைச் சொல்ல அவருக்குச் சின்னப்பம்பட்டித் தமிழ் வேண்டும். அதைக் கேட்கத் தமிழும் கிரிக்கெட்டும் தெரிந்த ஆள் வேண்டும். நாம் செய்ததென்ன? தமிழில் பேசினாரே என்று மகிழ்ந்தோம். என்ன பேசினார் என்று யாரும் விவாதிக்கவில்லை. என் இரண்டாம் நண்பரோடு எனக்குள்ள வழக்கு இதுதான். மொழியைப் பாராட்டிவிட்டுப் பேச்சைக் கேட்காமல் விடுவதும் ஒருவகை அவமதிப்பே.

பிற இடங்கள்

ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும் என்ற முதல் நண்பருக்கு அசாமிலிருந்து ஒரு பதில். 2018 ஜூலையில் பின்லாந்தின் தாம்பரே நகரில் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி. அசாமின் ஹிமா தாஸ் 400 மீட்டரை 51.46 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். அதே போட்டியின்போது, அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்ற தொனியில் இந்தியத் தடகளக் கூட்டமைப்பு ட்விட்டரில் எழுதி, கண்டனம் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. நெல்வயலில் ஓடிப் பழகிய பெண்ணிடம் உலகம் எதிர்பார்த்தது கால். கூட்டமைப்பு பார்த்தது நாக்கை.

அமெரிக்கப் பெண்கள் கோல்ஃப் சங்கம் 2008 ஆகஸ்டில் ஒரு விதி கொண்டுவந்தது: ஆங்கிலத்தில் பேசத் தெரியாத வீராங்கனைகளை இடைநீக்கம் செய்யலாம். அப்போது அங்கே தென்கொரியர் மட்டும் 45 பேர். எதிர்ப்பு வலுத்தது, அடுத்த மாதமே தண்டனையைக் கைவிட்டார்கள். அதே நாட்டில் பேஸ்பால் வேறு வழியில் போனது. 2016 முதல் ஒவ்வோர் அணியும் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை முழுநேர வேலைக்கு வைக்க வேண்டும் என்று நிர்வாகமும் வீரர் சங்கமும் ஒப்புக்கொண்டன. சம்பளம் அணியுடையது. நான் கேட்பதும் இதையே. மொழிபெயர்ப்பாளர் வந்தால் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் தெரியும். பேஸ்பால் வீரர் ஒஹ்தானியின் மொழிபெயர்ப்பாளர் அவர் பணத்தையே சூதாட்டத்துக்கு எடுத்தது 2024இல் வெளிவந்தது. அது மோசடி வழக்கு. மொழிபெயர்ப்புக்கு எதிரான வாதம் ஆகாது.

தமிழில் விளையாட்டைப் பேசச் சொல் போதாது என்பார்கள். அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் வானொலியில் கிரிக்கெட் சொல்லிக் கேட்ட தலைமுறை அதை ஒப்புக்கொள்ளாது.

இனிச் செய்ய வேண்டியவை

நேரம் ஆகிவிட்டது என்று அவைத்தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். மாநில அணி வெளியூர் போகும்போது மருத்துவரோடு ஒரு மொழிபெயர்ப்பாளரும் போக வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இதைத் தொடங்கலாம். இதழியல் வகுப்புகளில் விளையாட்டுப் பேட்டிக்குத் தனிப் பாடம் வேண்டும். மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்றதிலிருந்து தந்த தமிழ்ப் பேட்டிகளை யாராவது தொகுக்க வேண்டும். உயரம் தாண்டும் நுட்பம் அவற்றில் எவ்வளவு இருக்கிறது, ஏழ்மைக் கதை எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் நல்ல ஆய்வேடு கிடைக்கும். கண்ணகி நகர் கார்த்திகாவைப் போன்ற கபடிப் பெண்கள் பிடிமுறைகளுக்கும் பாடிப்போகும் முறைகளுக்கும் வைக்கும் பெயர்களைச் சேர்க்கலாம். பெண் வீரர்களிடம் மட்டும் ஏன் குடும்பக் கேள்வி அதிகம் என்பது இன்னொரு தலைப்பு. அதற்குள் இன்று போக முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் ஆடும் கபடிக்காரர்களிடம் போய், ஆட்டத்தைப் பற்றி மட்டும் அவர்கள் பேச்சிலேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள். வறுமையைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு படியை உங்கள் கல்லூரித் தமிழ்த்துறையில் கொடுத்துவையுங்கள்.