புதிய ஆசான் வந்த ஆண்டு

நேயர்களே, அமெரிக்கர் கால்பந்து என்று வழங்குவது நாம் அறிந்த ஆட்டமன்று. இருமுனையும் கூர்த்த பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் மிகுதி. அவ்வாட்டத்தில் இந்தியானா பல்கலைக் கழகத்தார் நெடுங்காலம் தோல்விக்கே பேர்போனவர். 2023-இல் ஆடியவை 12, வென்றவை மூன்றே.

அவ்வாண்டு நவம்பரில் கர்ட் சிக்னெட்டி என்பார் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தப்பெற்றார். அறுபது வயதைக் கடந்தவர். அலபாமாவின் புகழ்மிக்க அணியில் துணைவராயிருந்த பதவியைத் துறந்து, 2011-இல், தம் தந்தையார் முன்பு பயிற்றிய சிறு கல்லூரிக்குத் தலைமையேற்கச் சென்றவர். எத்தனை பேர் அவ்வாறு இறங்கத் துணிவர்?

மாணவர் கல்லூரி மாறியும் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்திருந்த காலம் அது. தம் பழைய ஜேம்ஸ் மாடிசன் அணியினர் பலரை அவர் உடன் அழைத்து வந்தார். ஊர்விட்டு ஊர் வந்தவர் ஊன்றி உழைப்பதை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

2024-இல் தொடர்ந்து பத்து வெற்றிகள்! ஒரே பருவத்தில் பத்து என்பதை அப்பல்கலைக் கழகம் அதுவரை கண்டதில்லை. எளியோரையே வென்றனர் என்றனர் சிலர். அதிலும் சிறிது உண்மையுண்டு. ஒகையோ மாநில அணியிடம் 38-15 என்று வீழ்ந்தனர். அடுத்த வாரமே பர்டியூவை 66-0 என்று வென்றனர். டிசம்பரில் நாட்டின் பட்டத்துக்கான போட்டித் தொடரில் நோட்டர்டேமிடம் 27-17 எனத் தோற்றனர். இறுதி நிமிடங்களில் எடுத்த புள்ளிகளே அன்று மானத்தைக் காத்தன.

பந்தெறியும் தலைவர் கர்டிஸ் ரூர்க், முழங்கால் நார் அறுந்த நிலையிலேயே அப்பருவத்தை ஆடினார் என்பது பின்னரே வெளிப்பட்டது.