பழைய இருப்போடு கூட்டுங்கள்

(பள்ளி மாணவ மாணவியருக்கான கணினி வகுப்பின் தொடக்க நாளில், பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரை)





ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்து முடிக்கும் முறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்துதான் இந்தச் சொல் பிறந்தது. எனவே கணினிப் படிப்பு நமக்கு அந்நியமானது என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. இன்று பைத்தான் மொழியில் வரவு செலவு எழுதும் குறிகளைப் பார்ப்போம். இம்மொழியின் மூன்றாம் பதிப்பில் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம்.

பள்ளிக் கணக்கில் = என்றால் இரு பக்கமும் சமம் என்று பொருள். நிரலில் அது ஒரு கட்டளை. வலப்பக்கம் உள்ளதைக் கணக்கிட்டு, இடப்பக்கம் உள்ள பெயரில் வை என்று சொல்கிறது.

இருப்பு = 5000

'இருப்பு' என்று பெயர் ஒட்டிய டப்பாவில் 5000 வைத்துவிட்டோம். இப்போது நன்கொடையாக 1200 ரூபாய் வருகிறது.

இருப்பு = இருப்பு + 1200

கணக்கு வாத்தியார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு தொகை தன்னைவிட 1200 கூடுதலான தொகைக்கு எப்படிச் சமமாகும் என்று கேட்பார். ஆனால் கணினி முதலில் பழைய 5000-ஐ எடுத்து, 1200-ஐக் கூட்டி, 6200-ஐ அதே டப்பாவில் வைக்கிறது. நம் கணக்கு நோட்டில் முன்னிருப்போடு வரவைக் கூட்டிப் புது இருப்பு எழுதுவதும் இப்படித்தானே! இதையே சுருக்கமாக எழுதலாம்:

இருப்பு += 1200

செலவுக்கும் இதே முறை. இருப்பு -= 700 என்றால் 6200 என்பது 5500 ஆகும். ஒருவர், "இருக்கும் தொகை அளவுக்கு நானும் தருகிறேன்" என்று முன்வந்தால், இருப்பு *= 2 என எழுதுவோம்; 11000 ஆகிவிடும். இருப்பு /= 4 என்றால் 2750.0 கிடைக்கும். இந்தக் குறியால் வகுத்தால் பைத்தான் விடையைத் தசமப் புள்ளியோடுதான் தரும்.

நோட்டுப் புத்தகத்தைப் பாதியாகக் கிழித்துக் கொடுக்க முடியாது. 50 நோட்டுகளை 8 பிள்ளைகளுக்குப் பங்கிட வேண்டும். நோட்டு = 50 என்று வைத்து, நோட்டு //= 8 என எழுதினால் 6 வரும்; அது ஆளுக்குக் கிடைப்பது. மறுபடி 50 வைத்து, நோட்டு %= 8 என எழுதினால் 2 வரும்; அது மீதி. 'மறுபடி 50 வைத்து' என்றதைக் கவனியுங்கள். முதல் வரியிலேயே டப்பாவில் இருந்த 50 போய் 6 வந்துவிட்டது.

இனி, மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம். குறியை இடம் மாற்றி,

இருப்பு =+ 1200

என்று எழுதினால் கணினி பிழை சொல்லாது. '+1200-ஐ வை' என்று புரிந்துகொண்டு, இருந்த 5000-ஐ அழித்துவிட்டு 1200-ஐ வைத்துவிடும். பொதுப்பணம் அமானிதம். ஒரு குறி இடம் மாறியதால் கணக்கில் அத்தனையும் மறைந்துபோகும்; எச்சரிக்கை ஒன்றும் வராது.

பெரிய அறிஞர்களும் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். 'பி' மொழியிலும் தொடக்க கால 'சி' மொழியிலும் கூட்டிவைக்கும் குறியே =+ என்றுதான் இருந்தது. 1976-இல் அது += எனத் திருத்தப்பட்டதாக, 'சி' மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி எழுதியுள்ளார்.

இன்னும் இரண்டு செய்திகளை மனதில் வையுங்கள். முதலாவது, += எழுதும் முன் டப்பாவில் ஏதேனும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் பணம் இல்லையென்றால் இருப்பு = 0 என்றாவது எழுத வேண்டும்; இல்லாவிட்டால் பெயர் தெரியவில்லை என்று நிரல் நின்றுவிடும். இரண்டாவது, வலப்பக்கம் முழுவதும் முதலில் கணக்கிடப்படும். 5000 இருக்கும்போது இருப்பு *= 2 + 1 என எழுதினால் 15000 வரும்; 10001 வராது.

பிள்ளைகளே, ஒவ்வொரு வரிக்கும் எதிரே டப்பாவில் இப்போது எவ்வளவு என்று தாளில் எழுதிப் பாருங்கள். இதற்குக் கணினிகூடத் தேவையில்லை. பெற்றோர்களே, இந்த வாரம் வீட்டுச் செலவுக் கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்து, இந்தக் குறிகளால் எழுதச் சொல்லுங்கள். கடைசி வரியில் வரும் இருப்பும் உங்கள் கையில் உள்ள பணமும் ஒத்திருந்தால் பாடம் புரிந்துவிட்டது. ஒத்துவரவில்லையென்றால் அந்தத் தாளோடு அடுத்த வகுப்புக்கு அனுப்புங்கள். எந்த வரியில் தவறியது என்று சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.