கமக்காரரும் உத்தியோகத்தரும் சேர்ந்து படிக்கவேண்டிய நூல்கள்

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



2021 ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே கட்டளையில் தடுக்கப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் தடை நீங்கிற்று. பயிர் நீங்கிய பின்னர்! 2022 ஏப்ரிலில், அந்நியக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று அரசாங்கம் கைவிரித்தது. இவ்விரண்டின் சுமையையும் தோளிலே சுமந்த கமக்காரனுக்கு, உலகப் பொருளாதாரம் என்பது கொழும்பிலுள்ளோரின் விவகாரம் என்று எவரும் இனிச் சொல்ல முடியாது. ஆகவே மூன்று நூல்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

முதலாவது, அமர்த்தியா சென் 1981 இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்'. 1943 இல் வங்காளத்திலே பஞ்சத்தால் மாண்டவர் ஏறக்குறைய முப்பது இலட்சம் பேர் என்பது அவர் கணிப்பு. அரிசி இல்லாமையால் மாண்டனரா? இல்லை என்கிறார் சென். பஞ்சமே இல்லாத 1941 ஆம் ஆண்டிலும் பார்க்க 1943 இல் அங்கு கிடைத்த அரிசி நூற்றுக்குப் பதின்மூன்று கூடுதலாயிருந்தது என்று கணக்குக் காட்டுகிறார். யுத்தச் செலவினால் விலை ஏறிற்று, கூலி ஏறவில்லை. காசாகக் கூலி வாங்கிய வயற் கூலியாளரும் மீனவரும் வீழ்ந்தனர். விளைச்சலிலே பங்கு பெற்ற வாரக்குடிகளோ அவர்களளவுக்கு வீழவில்லை. களஞ்சியத்தில் நெல் இருப்பது வேறு. அதை வாங்கும் வலு ஒருவனுக்கு இருப்பது வேறு. இவ்வேற்றுமையை அறியாத உணவு மந்திரிகள் எத்தனை பேர்!

இரண்டாவது, நம் நாட்டவரான எஸ். பி. டி. டி சில்வா 1982 இல் வெளியிட்ட 'குறைவிருத்தியின் அரசியற் பொருளாதாரம்'. தேயிலைத் தோட்டங்கள் நவீனத் தொழிலைக் கொணர்ந்தன என்ற பழைய பாடத்தை அவர் மறுக்கிறார். மலிந்த கூலியையே நம்பிய தோட்டத்துக்குப் புதிய இயந்திரம் எதற்கு? வியாபார முதலிலே நாட்டமுள்ள ஏஜென்சிக் கம்பனிகளின் பிடியில் இலாபம் இருந்தது. நாட்டிலே கைத்தொழில் வேரூன்றவில்லை. மலையகத்துத் தமிழ்த் தொழிலாளரின் சம்பளப் பிரச்சினையை இதைப் படியாமற் பேசுவோர் பாதியையே பேசுகின்றனர் என்பது என் துணிபு. நடை கடினமானது, பொறுமை வேண்டும்.

மூன்றாவதாகிய பிரெஞ்சு அறிஞர் தொமஸ் பிக்கெற்றியின் 'இருபத்தோராம் நூற்றாண்டில் மூலதனம்' 2013 இல் வந்தது. தலையணையளவு பருமன். பழைய வரிக் கணக்குகளையும் சொத்துப் பதிவுகளையும் துருவி, சொத்தின் வருமானம் நாட்டின் வளர்ச்சியை மிஞ்சும்போது செல்வம் ஒருசிலரிடம் குவியும் என்கிறார். இரு மகாயுத்தங்களும் உயர்ந்த வரிகளும் அக்குவியலைக் கலைத்தன. 1980 க்குப் பின் அது மீண்டும் வளர்ந்தது. ஆனால் அவர் கணக்குகள் பெரும்பாலும் செல்வ நாடுகளுடையவை. கடன்பட்ட சிறு நாட்டின் துயரை அதிலே தேடுவோர் ஏமாறுவர்.

இம்மூன்றையும் நான் படித்தது ஆங்கிலத்தில். இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களையும் லிகிதர்களையும் சட்டத்தரணிகளையும் ஒன்று கேட்கிறேன்: ஆங்கிலம் கற்பதற்கு உங்களை அனுப்பியது யாருடைய வெங்காயமும் புகையிலையும்? கிழமைக்கு ஓர் இரவு, இவ்வாசிகசாலையில், ஓர் அத்தியாயத்தைப் படித்துத் தமிழிலே விளக்குங்கள். கமக்காரர் கேள்வி கேட்கட்டும். விலையையும் கூலியையும் பற்றி அவர்கள் உங்களிலும் நன்கறிவார்கள். சென்னின் நூலில் ஆறாம் அத்தியாயம் வங்காளப் பஞ்சத்தைப் பற்றியது. வரும் கிழமை அதையே எடுத்துக்கொள்ளலாம். முதல் இரவு நானே வாசிக்கிறேன்.