ஆடிப் பதினெட்டும் சின்னப் பிள்ளைகளும்



ஆடிப் பதினெட்டு வந்தால் நம் தர்மபுரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒகேனக்கல் பேச்சுதான். ஆடிப்பட்டத்து விதைப்புக்கு நடுவே ஒருநாள் ஓய்வெடுத்து, காப்பரிசி, தேங்காய், பழத்தோடு பென்னாகரம் வழியாகக் காவிரிக்குப் போகிறோம். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக மனசு வருங்களா? வராது. தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்க. ஆனால் சில காரியங்களை முதல் நாளே யோசித்து வைத்துக்கொள்ளுங்க.

முதலாவது தண்ணீர். நம்ம ஊரில்தான் மழையே இல்லையே, ஆறு எப்படிப் பெருகும் என்று சிலர் கேட்கலாம். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற காலம் இது. கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பினால் உபரி நீரைத் திறந்துவிடுகிறார்கள். அது பிலிகுண்டுலு தாண்டி ஒகேனக்கல் வந்து சேருகிறது. இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர், ஏறக்குறைய இரண்டு குடம். வினாடிக்கு 20,000 கன அடி வருகிறது என்று செய்தியில் சொன்னால், ஒவ்வொரு வினாடியும் 40,000 குடம் தண்ணீர் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்க. வரத்து கூடும்போது குளிக்கவும் பரிசல் விடவும் தடை போடுவது இதனால்தான். அன்று காலைச் செய்தியைக் கேட்டுவிட்டே புறப்படுங்க.

தடை இல்லாத நாளிலும் பாறை வழுக்கும், பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் அளவு ஓட்டமே பெரியவர்கள் காலை வாரிவிடும். ஆகவே சின்னப் பிள்ளைகளை ஆற்றுக்குள் இறக்கவே வேண்டாம். ஓரமாக உட்கார வைத்து, சொம்பில் மொண்டு தலையில் ஊற்றுங்க. காவிரித்தாய் கோவிச்சுக்க மாட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரும் காவிரிதான்.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. சத்தமில்லாமல் அமிழ்ந்துவிடும். எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைக்கிறோம் இல்லையா? அதுபோலப் பிள்ளைக் காவலுக்கும் முறை வையுங்க. மாமா ஒரு மணி நேரம், சித்தி ஒரு மணி நேரம். முறைக்காரர் அந்த நேரம் செல்போனைத் தொடக்கூடாது, குடித்தவர் கையில் காவலைக் கொடுக்கவும் கூடாது.

யாராவது தவறி விழுந்துவிட்டால் பதறிக்கொண்டு பின்னாலேயே குதிக்காதீங்க. கயிறு, சேலை, நீளமான கொம்பு, எது கிடைக்கிறதோ அதை நீட்டி இழுங்க. கரையேற்றிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் உடனே வாயில் வாய் வைத்து ஊதி, நடுநெஞ்சை அழுத்தி அழுத்தி விட வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும்.

இரண்டாவது கூட்டம். 1992-ஆம் ஆண்டு கும்பகோணம் மகாமகத்தில் நெரிசலில் சிக்கி ஏறக்குறைய 50 பேர் உயிரிழந்தார்கள். பெரியவர்களுக்கே அந்தக் கதி. கூட்டம் நெருக்க ஆரம்பித்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கிவிடுங்க. தரிசனம் அரைமணி தாமதமானால் ஒன்றும் குறைந்துவிடாது.

பிள்ளை தவறிப்போனால் அடையாளம் சொல்ல, காலையிலேயே அன்று போட்ட சட்டையோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்க. உங்கள் போன் நம்பரைச் சீட்டில் எழுதி அதன் சட்டைப்பையில் போடுங்க. தங்கம் எதுவும் போட வேண்டாம். "காணாமல் போனால் அலையாதே, நின்ற இடத்திலேயே நில்லு, போலீஸ்காரரிடம் சொல்லு" என்று சொல்லிப் பழக்குங்க. காணவில்லை என்று தெரிந்ததும், தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காமல், போலீஸ் உதவி மையத்தில் சொல்லிவிடுங்க. குழந்தைகள் உதவிக்கு 1098 எண்ணும் இருக்கிறது.

குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்க. இருட்டுவதற்கு முன் கிளம்புங்க. வண்டி ஏறியதும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணிப் பாருங்க. எண்ணிக்கை சரியாக இருந்தால், அந்த வருஷத்துப் பெருக்கு நல்லபடியாக முடிந்தது.